லேப்டாப்பில் வைஃபை: இணைப்பது முதல் இழுத்தடிப்பதைச் சரிசெய்வது வரை

வைஃபை பெயரைத் தொட்டு, பாஸ்வேர்டை அடித்தால் வேலை முடிந்தது என்றுதான் புது லேப்டாப் வாங்கும் எல்லோரும் நினைக்கிறோம். ரவுட்டர் இருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தால் முடிந்துவிடும். கடைசி அறைக்குப் போனால்தான் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும், ஆன்லைன் இன்டர்வியூ நடுவில் எதிராளியின் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். உடனே வீட்டில் எல்லோரும் "நெட் சரியில்லை" என்பார்கள். கனெக்‌ஷன் கொடுத்தவருக்கு போன் போகும். அவரும் வந்து பெட்டியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டுப் போவார், இரண்டு நாளில் மறுபடி அதே கதை.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, "நெட் சரியில்லை" என்பதற்குள் இரண்டு தனித்தனிப் பழுதுகள் இருக்கலாம் என்பதுதான். லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவே காற்றில் போகிற இணைப்பு ஒன்று. ரவுட்டரிலிருந்து ஃபைபர் கேபிளில் தெருவுக்குப் போகிற இணைப்பு இன்னொன்று. இரண்டாவதில் பழுது என்றால் நாம் போன் செய்வதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. முதலாவது முழுக்க நம் கையில் இருக்கிறது. நான் சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளில் பார்த்துக்கொடுத்த வரைக்கும் பெரும்பாலும் பழுது இந்த முதலாவதில்தான் இருந்திருக்கிறது.

விண்டோஸ் 11 லேப்டாப்பை வைத்தே சொல்கிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துவிட்டது, இன்னும் அதில் இருந்தாலும் கீழே வரும் செட்டிங்குகள் ஏறக்குறைய இதே இடங்களில்தான் இருக்கும்.

முதல் இணைப்பு

விண்டோஸ் பொத்தானோடு ஏ எழுத்தை அழுத்துங்கள். வலது மூலையில் சின்னதாக ஒரு பெட்டி திறக்கும், அதில் வைஃபை குறிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்புக்குறியைத் தொட்டால் சுற்றுவட்டாரத்தில் உள்ள பெயர்களெல்லாம் வரிசையாக வரும். உங்கள் வீட்டுப் பெயரைத் தேர்ந்தெடுத்து, தானாக இணையும்படி டிக் வைத்து, பாஸ்வேர்டைக் கொடுங்கள். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. அடிக்கும்போதே கண் குறியை அழுத்திப் பிடித்து ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள், பாதி பேருக்கு இங்கேதான் மாட்டும். பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? ஏற்கெனவே இணைந்திருக்கும் இன்னொரு விண்டோஸ் 11 லேப்டாப் வீட்டில் இருந்தால் அதில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ப்ராப்பர்ட்டீஸ் என்று போனால் பாஸ்வேர்டைக் காட்டும் பொத்தான் இருக்கும்.

இணைந்ததும் உங்கள் லேப்டாப்பிலும் இதே ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் பப்ளிக், ப்ரைவேட் என்று இரண்டு தேர்வுகள் தெரியும். வீட்டில் பிரின்டரை நெட்வொர்க்கில் போட்டிருந்தாலோ, இரண்டு லேப்டாப்புக்கு நடுவில் ஃபைல் பகிர வேண்டும் என்றாலோ ப்ரைவேட் வையுங்கள். வெளியிடங்களில் எப்போதும் பப்ளிக்தான்.

பல வீடுகளில் ஒரே ரவுட்டர் இரண்டு பெயர்களைக் காட்டும். ஒன்று வெறும் பெயர், இன்னொன்று கடைசியில் 5ஜி என்று முடியும். இந்த 5ஜிக்கும் செல்போன் கம்பெனிகள் சொல்லும் 5ஜிக்கும் சம்பந்தமே இல்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை, மற்றது 2.4 கிகாஹெர்ட்ஸ். 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் அதில் கூட்டம் அதிகம். பக்கத்து வீட்டு வைஃபை, ப்ளூடூத், வயர்லெஸ் மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு என்று எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. ஒன்றோடொன்று மோதாத சேனல், அதாவது அலைவரிசைக்குள் இருக்கும் தனிப் பாதை, என்று எடுத்தால் அதில் 1, 6, 11 ஆகிய மூன்றுதான் தேறும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் இந்த மூன்றில் நெருக்கியடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், வேகம் அதிகம், ஆனால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினால் சோர்ந்துவிடும். அதனால் ரவுட்டர் உள்ள அறையிலும் பக்கத்து அறையிலும் 5, தூரத்து அறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் லேப்டாப்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். சில லேப்டாப்புகள் பக்கத்திலேயே 5 இருந்தாலும் 2.4ஐ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது ஸ்டார்ட்டில் டிவைஸ் மேனேஜர் என்று தேடித் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் உங்கள் வைஃபை கார்டை இரட்டை க்ளிக் செய்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் ப்ரிஃபர்டு பேண்ட் என்ற வரி இருந்தால் அதை 5க்கு மாற்றிவிடலாம்.

அந்த 72 என்ற எண்

இப்போது கொஞ்சம் நின்று ஒரு இடத்தைக் கவனமாகப் பாருங்கள். மேலே சொன்ன அதே வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் கீழே இறங்கினால் லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி இருக்கும், அதன் அருகிலேயே ப்ரோட்டோகால், நெட்வொர்க் பேண்ட், சேனல் எல்லாம் இருக்கும். இது கனெக்‌ஷன்காரர் கொடுக்கும் வேகம் இல்லை. லேப்டாப்பும் ரவுட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம், எம்பிபிஎஸ் கணக்கில், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்று.

அங்கே 72 என்று இருந்தால் பெரும்பாலும் உங்கள் லேப்டாப் ஒற்றை ஆன்டெனாவோடு 2.4 கிகாஹெர்ட்ஸில், வைஃபை 4 முறையில் இணைந்திருக்கிறது என்று அர்த்தம். வைஃபை 4 என்பது 2009இல் வந்த தரம். 433 என்றால் 5 கிகாஹெர்ட்ஸில் வைஃபை 5, ஒற்றை ஆன்டெனா. 866 என்றால் அதுவே இரண்டு ஆன்டெனா. வைஃபை 6 கார்டு, இரண்டு ஆன்டெனா, ரவுட்டரும் அதே தரம் என்றால் பெரும்பாலும் 1201 வரை காட்டும். உண்மையில் நமக்குக் கிடைப்பது இந்த எண்ணில் ஏறக்குறைய பாதி, ஏனென்றால் காற்றில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆக 72 என்று நிற்கும் லேப்டாப்பை வைத்துக்கொண்டு 100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300க்கு மாறினால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. மாதாமாதம் கூடுதல் பணம் கட்டிக்கொண்டு அதே வேகத்தில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். விலை குறைந்த லேப்டாப்புகள் சிலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. அப்படி என்றால் யூஎஸ்பியில் செருகும் டூயல் பேண்ட் வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கினால் போதும், திட்டத்தை மாற்றுவதைவிட அதுதான் சரியான செலவு.

ரவுட்டரை எங்கே வைப்பது

என் சித்தி வீடு நீளவாக்கில் கட்டியது. தெருவாசலில் இருந்து பின்கட்டு வரை அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். கேபிள் தெருப்பக்கம் வந்ததால் பெட்டியையும் வாசல் ஓரத்தில், கரண்ட் மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள், அதற்கு முன்னால் ஒரு இரும்பு பீரோ. தம்பி படிப்பது கடைசி அறையில். அவன் லேப்டாப்பில் லிங்க் ஸ்பீட் 14. வகுப்பு நடக்கும்போது வீடியோவை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் கேட்டு ஒரு வருஷம் ஓட்டியிருக்கிறான். அந்தப் பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து லாஃப்டுக்குக் கீழே ஆளுயரத்தில் வைத்தோம், அவ்வளவுதான். கடைசி அறையில் 5 கிகாஹெர்ட்ஸிலேயே 195 காட்டியது. திட்டம் பழையதுதான், லேப்டாப்பும் பழையதுதான்.

இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி, கம்பி கட்டிய கான்க்ரீட் இவையெல்லாம் அலையைத் தடுக்கும் அல்லது திருப்பி அனுப்பும். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பதும் அப்படித்தான். வீட்டின் நடுவில், திறந்த இடத்தில், உயரத்தில் வையுங்கள். ஆன்டெனா வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரவுட்டர் என்றால், அலை குச்சியின் நுனியில் இருந்து போகாது, பக்கவாட்டில்தான் பரவும். ஆகவே ஒரே தளத்துக்கு நிமிர்த்தி வையுங்கள், மாடிக்கும் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் படுக்கவைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஃபைபர் கேபிள் உள்ளே இருப்பது முடி அளவு கண்ணாடி இழை, அதை நீங்களே இழுத்து மடக்கி நகர்த்தாதீர்கள். கனெக்‌ஷன் கொடுக்க வரும்போதே "கூடம் வரைக்கும் இழுத்துக் கொடுங்க, கொஞ்சம் சுருளும் விடுங்க" என்று கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் கேட்டால் வருவதற்கு நாளாகும். வீடு பெரிதாக இருந்து ஒரு பெட்டி போதவில்லை என்றால், அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை விலைக்கு வாங்கும் முன் யோசியுங்கள். ரவுட்டரிடம் கேட்டதையே திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடும். ஒரு லேன் கேபிளைப் பின்னறைக்கு இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்டாக, அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டியாகப் போடுவது எவ்வளவோ மேல்.

பழுது எந்தப் பக்கம்?

இதற்கு நான் எப்போதும் செய்வது ஒரு சின்ன சோதனை. ஸ்டார்ட்டில் சிஎம்டி (cmd) என்று தேடித் திறந்தால் கறுப்பு ஜன்னல் வரும். அதில் பிங் (ping) என்று, அதாவது ஒரு சின்னச் செய்தியை அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும் கட்டளையை அடித்து, ஒரு இடம் விட்டு ரவுட்டரின் முகவரியை அடித்து, மறுபடி ஒரு இடம் விட்டு ஹைஃபனும் டி எழுத்தும் சேர்த்து என்டர் தட்டுங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் அச்சடித்திருப்பார்கள். இன்னொரு கறுப்பு ஜன்னலைத் திறந்து அதே மாதிரி 8.8.8.8க்கு அடியுங்கள், அது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் ஓடவிடுங்கள்.

முதல் ஜன்னலில் 2, 3, 2, 4 என்று மில்லிசெகண்டுகள் ஒரே சீராக வந்து, இரண்டாவதில் மட்டும் 300, 500 என்று எகிறினாலோ டைம்டு அவுட் என்று வந்தாலோ, உங்கள் வைஃபை நன்றாக இருக்கிறது, பழுது வெளியில். அப்போது தயங்காமல் போன் செய்யுங்கள், "ரவுட்டர் வரைக்கும் சரியா இருக்கு, அதுக்கு மேலதான் விடுது" என்று தெளிவாகச் சொல்லலாம், அவர்களும் சட்டென்று ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லிச் சமாளிக்க முடியாது. முதல் ஜன்னலிலேயே எண்கள் தாறுமாறாகக் குதித்தால் பழுது வீட்டுக்குள்தான். லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாக நடங்கள், எந்தச் சுவரைத் தாண்டும்போது எண் கெடுகிறது என்று கண்ணெதிரே தெரிந்துவிடும். நிறுத்துவதற்குக் கன்ட்ரோல் பொத்தானோடு சி.

பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். ஒளி வந்து சேரவில்லை, ஃபைபர் எங்கேயோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது.

வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் "நோ இன்டர்நெட்" என்கிறது, அதேசமயம் போனில் நன்றாக வருகிறது என்றால் பழுது லேப்டாப்பில். ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்புக்கு உள்ள எண், 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். வைஃபை செட்டிங்கில் மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் என்ற இடத்தில் போய் அந்தப் பெயரை ஃபர்கெட் கொடுத்துவிட்டு மறுபடி இணையுங்கள், ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எல்லா இணையதளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டினால் லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள். ரொம்ப நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த லேப்டாப்பில் தேதி சில வருஷம் பின்னால் போயிருக்கும், சரி செய்தால் போதும்.

லேப்டாப் தூங்கி எழுந்ததும் வைஃபை துண்டிக்கிறதா? டிவைஸ் மேனேஜரில் அதே வைஃபை கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைத்துக்கொள்ளலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். வைஃபை குறியே காணோம் என்றால் முதலில் ஏரோப்ளேன் மோட், அப்புறம் விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள வயர்லெஸ் பொத்தான், அதற்கும் அப்புறம்தான் டிரைவர், அதாவது வைஃபை கார்டை இயக்கும் மென்பொருள். டிரைவரை இறக்கவே நெட் வேண்டுமே என்று முழிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் வைஃபை இல்லாமலே லேப்டாப்புக்கு நெட் வந்துவிடும், லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இருந்து உங்கள் மாடலுக்கு உரிய டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். கடைசி ஆயுதம் நெட்வொர்க் ரீசெட். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும், எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் செத்துவிடும். ஃபைபர் தடத்தில் நடுவில் பெரும்பாலும் கரண்ட் தேவையில்லை என்பதால், பெட்டிக்கு மட்டும் கரண்ட் கொடுத்தாலே நெட் தொடரும். ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் பெட்டியின் அடாப்டரைப் பாருங்கள். வோல்ட் அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும், பெரும்பாலும் 12. ஆம்பியர் அடாப்டரில் போட்டிருப்பதற்குக் குறையக் கூடாது.

பூட்டு

இதைத் தயவுசெய்து இன்றைக்கே செய்யுங்கள். கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் உங்கள் செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போயிருப்பார். உங்கள் எண் தெரு முழுக்கத் தெரியும். பிரவுசரில் ரவுட்டரின் முகவரியை அடித்து உள்ளே போய், பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 என்று இருக்கிறதா பாருங்கள். பழைய டபிள்யூஇபி 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது, அது இருந்தால் உடனே மாற்றுங்கள். பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து என்பது விதி, 63 வரை போகலாம். தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் எழுதினால் நினைவிலும் இருக்கும், ஊகிக்கவும் முடியாது. ரவுட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், பாஸ்வேர்டு அடிக்காமலே பொத்தானாலோ பின் எண்ணாலோ இணையவிடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். விருந்தாளிகளுக்கு கெஸ்ட் நெட்வொர்க் தனியாகக் கொடுங்கள்.

ரயில் நிலையங்களில் ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் தரும் ரயில்வயர் வைஃபை கிடைக்கும். இணைந்ததும் பிரவுசரில் ஒரு பக்கம் திறந்து செல்போன் எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்பும். அதுவரை இணைந்திருந்தாலும் நெட் வராது. இந்த மாதிரி இடங்களில் தானாக இணையும் டிக்கை எடுத்துவிடுங்கள். ஓடிபியைத் தவிர மெயில் பாஸ்வேர்டு, கார்டு எண் கேட்கும் பக்கம் வந்தால் மூடிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்

ஹாட்ஸ்பாட்டில் இணைந்தவுடன் செய்ய வேண்டிய ஒரே காரியம், அந்த இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில், இங்கே டேட்டா அளவோடுதான் உண்டு என்று விண்டோஸுக்குச் சொல்லும் மீட்டர்டு கனெக்‌ஷன் என்பதை ஆன் செய்வது. இல்லையென்றால் விண்டோஸ் தன் அப்டேட்டை இறக்க ஆரம்பித்து, ஒரு நாளைக்கு உள்ள 1.5 ஜிபியைக் காலை பத்து மணிக்குள் காலி செய்துவிடும். லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் பெயரே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் போன் 5 கிகாஹெர்ட்ஸில் அனுப்புகிறது, உங்கள் லேப்டாப்புக்கு அது கிடையாது. போனின் ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 2.4க்கு மாற்றுங்கள். ஐபோனில் மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்று இருக்கும். நெடுநேர வேலைக்கு யூஎஸ்பி டெதரிங்தான் நல்லது, போன் சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும்.

ப்ளூடூத்

செட்டிங்ஸில் ப்ளூடூத் அண்ட் டிவைசஸ், ஆட் டிவைஸ். இயர்பட் கண்ணில் படவில்லை என்றால் அது உங்கள் போனோடு ஏற்கெனவே இணைந்துகொண்டிருக்கும். போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு, இயர்பட்டை அதன் இணைக்கும் நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி தேடுங்கள்.

பலரும் கேட்பது, பாட்டு கேட்கும்போது அருமையாக இருக்கிற இயர்பட் மீட்டிங்கில் மட்டும் ஏன் பழைய லேண்ட்லைன் போன் மாதிரி கேட்கிறது என்று. இயர்பட்டில் கோளாறு இல்லை. சாதாரண ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு முறை, பேச்சுக்கு ஒரு முறை. இயர்பட்டின் மைக்கைத் திறந்தவுடன் பேச்சு முறைக்கு மாறிவிடும், அதில் ஒலியின் தரம் குறைவு. மீட்டிங் செயலியின் ஆடியோ செட்டிங்கில் ஸ்பீக்கராக இயர்பட்டையும் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். அந்த நொடியே குரல் தெளிவாகிவிடும்.

பெரிய ஃபைல்களை ப்ளூடூத்தில் அனுப்பாதீர்கள், ஒரு ஜிபிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். இரண்டு விண்டோஸ் லேப்டாப் என்றால் நியர்பை ஷேரிங், ஆண்ட்ராய்டு போனோடு என்றால் க்விக் ஷேர், இரண்டும் வைஃபை வழியாக அனுப்பும்.

வயர்லெஸ் மவுஸ் அடிக்கடி திக்கித்திக்கி நகர்ந்தால் பேட்டரியை மாற்றும் முன் அதன் சின்ன ரிசீவர் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து யூஎஸ்பி 3 துளையில் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழும், மவுஸ் தடுமாறும், சில நேரம் வைஃபையும் சேர்ந்து தடுமாறும். ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். அங்கே துளை இல்லை என்றால் ஒரு அடி நீள யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வைத்தாலும் சரியாகிவிடும்.